எல்லாக் குழந்தைக்கும் ஒரே தட்டு

கேக் ஒரு துண்டு, பப்ஸ் ஒன்று, கைப்பிடி சிப்ஸ், ஒரு கப் கூல்டிரிங்க்ஸ். பிறந்தநாள் என்றால் இந்த நான்கும்தான் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை, சென்னையில் அபார்ட்மென்ட்டுக்கு அபார்ட்மென்ட் இதே தட்டுதான். பேக்கரிக்கு ஒரு போன் போட்டால் வேலை முடிந்தது.

இந்தத் தட்டைப் புரசைவாக்கத்திலோ வேப்பேரியிலோ ஒரு குடியிருப்பின் குழந்தைகள் முன்னால் வைத்துப் பாருங்கள். முதல் மாடி ஜைன வீட்டுப் பையனுக்குக் கேக்கில் முட்டை ஆகாது. பப்ஸுக்குள் இருக்கும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஆகாது. சிப்ஸும் உருளைக்கிழங்குதான். அவனுக்கு மிஞ்சுவது கூல்டிரிங்க்ஸ் மட்டும். எதிர்வீட்டு முஸ்லிம் பிள்ளையின் அம்மா, கேக் மேல் பளபளக்கும் ஜெல்லி ஜெலட்டினா என்று கேட்கத் தயங்கி நிற்கிறார். கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குக் கேக்கும் கிடையாது, பப்ஸும் கிடையாது. பால் அலர்ஜி இருக்கும் குழந்தைக்குக் கிரீமைத் தொட்ட விரலை வாயில் வைத்தாலே ஆபத்து. இத்தனை பேரைக் கழித்துவிட்ட தட்டு மலிவாகவாவது இருக்கிறதா என்றால், பேக்கரி பில்லைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

இதற்கு வழக்கமாகச் செய்யும் வைத்தியம், ‘அந்தப் பையனுக்கு மட்டும் தனியா ஏதாவது வாங்கிக்கலாம்.’ முட்டையில்லாத கேக் ஒன்று, கோதுமை இல்லாத பிஸ்கட் ஒரு டப்பா, ஜைன சமோசா கால் டஜன். தனித்தனியாக வாங்கும் இவைதான் பில்லில் பெரிய எண்கள். செலவை விடுங்கள். பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒன்றைச் சாப்பிடும்போது ஒருத்தன் மட்டும் டப்பாவைத் திறப்பது அவனுக்கு எப்படி இருக்கும்? இதனால்தான் அந்த வீட்டு அம்மாக்கள், ‘பரவாயில்லைங்க, வீட்லயே சாப்பிட வச்சு அனுப்பிடறேன்’ என்று முந்திக்கொள்கிறார்கள். அழைத்தவருக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். வழக்கமான தட்டை வைத்துக்கொண்டு விதிவிலக்கு தேடுவதற்குப் பதில், யாருக்கெல்லாம் எது ஆகாதோ அதை முதலில் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதில் சமையலைத் தொடங்கலாம். மிச்சம் என்ன? அரிசி, உளுந்து, கொண்டைக்கடலை, பட்டாணி, தேங்காய், மக்காச்சோளம், வெல்லம், பழம். மளிகைக் கடையில் விலை குறைந்த பொருள்களின் பட்டியலும் ஏறக்குறைய இதேதான். நம் மாலை டிபன் வகைகளில் பாதி இவற்றிலிருந்து வந்தவை.

கழிப்பதற்கு முன் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் ‘அலர்ஜி இருந்தா சொல்லுங்க’ என்று ஒரு வரி போட்டால் பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். விரதமும் மதமும் அலர்ஜி இல்லை அல்லவா? ‘உங்க பையன் எதெல்லாம் சாப்பிட மாட்டான், எத்தனை மணிக்குள்ள சாப்பிடணும்?’ என்று தனியாகப் போனில் கேட்டால் எல்லாம் வரும். வந்த பதில்களையும் ஒரே தராசில் போடக்கூடாது. கத்திரிக்காய் பிடிக்காது என்பது ஒரு வகை. அதற்காக மெனுவை மாற்ற வேண்டியதில்லை. நம்பிக்கை வேறு வகை. பொருளோடு பாத்திரமும் கரண்டியும் சுத்தமாக இருக்க வேண்டும். அலர்ஜி மூன்றாவது வகை. ‘கொஞ்சூண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது’ என்று பாட்டி சொல்லும் வாக்கியத்துக்கு அங்கே இடமே இல்லை. நிலக்கடலை அலர்ஜி உள்ள குழந்தை வருகிறதென்றால், அன்றைக்கு வீட்டிலேயே நிலக்கடலை இருக்கக்கூடாது. எண்ணெயும் இதில் சேர்த்தி. இப்போது பல வீடுகளில் செக்குக் கடலை எண்ணெய்தான். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் கடலையின் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டியதில் அது தங்கிவிடும். அன்று ஒரு நாள் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிக்கொள்ளுங்கள்.

தட்டின் நடுவில் என்ன வைப்பது? இட்லிதான் முதலில் தோன்றும். குட்டி இட்லி என்றால் பிள்ளைகளுக்கு விளையாட்டும்கூட. ஆனால் இரவு முழுக்கப் புளித்த மாவைத் தவிர்க்கும் ஜைனக் குடும்பங்கள் உண்டு. அதனால் என் ஓட்டு அம்மிணிக் கொழுக்கட்டைக்கு. பிள்ளையார் சதுர்த்தியன்று மேல்மாவு மிஞ்சினால் செய்வோமே, அதே சீடை அளவு உருண்டைகள். அன்றே கிளறி அன்றே அவிப்பது என்பதால் புளிப்புப் பிரச்சினை இல்லை. கோதுமை, பால், முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது.

இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரு கிலோ கொழுக்கட்டை மாவு போதும். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் உப்பும் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் விட்டுக் கொதித்ததும் மாவைக் கொட்டிக் கிளறி, மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். மாவு பழையதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெந்நீர் கேட்கும். சுண்டைக்காயை விடச் சற்றுப் பெரிதாக உருட்டினால் நானூறுக்குக் குறையாமல் வரும். மலைக்க வேண்டாம். சீக்கிரம் வந்துவிட்ட பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லி உட்காரவைத்தால், பலூன் ஊதுவதை விட இதில் அவர்களுக்கு ஆர்வம் அதிகம். பத்து நிமிடம் ஆவியில் வெந்து, மேலே ஒரு மினுமினுப்பு வந்ததும் எடுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த்துருவலோடு புரட்ட வேண்டியதுதான். மிளகாயைக் கிள்ளிப் போடாமல் முழுதாகப் போட்டால் காரம் பரவாது, பொறுக்கி எடுத்துவிடலாம்.

பெருங்காயம் போடும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ள குழந்தைக்கு அந்தச் சிட்டிகையே அதிகம். இந்த நோய் வட இந்தியாவில் அதிகம், தெற்கில் குறைவு என்பதால் நம் சமையலறைகளுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பழகவில்லை.

பக்கத்தில் சுண்டல். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். ஜைனப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் இஞ்சி வேண்டாம், அதுவும் மண்ணுக்கடியில் விளைவதுதான். சுக்கு ஆகும் என்பார்கள். அதனால் குடிக்கப் பானகம் கரைத்தால் எல்லாருக்கும் சரியாக வரும். கடித்தால் சத்தம் வருகிற ஒன்று இல்லாவிட்டால் பிள்ளைகள் அதை விருந்து என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விரலில் மாட்டிக்கொள்ளும் கலர் அப்பளத்தை வைக்கத்தான் எனக்கும் ஆசை. அதில் மைதா இருப்பது வழக்கம் என்பதால் விட்டுவிட வேண்டியிருக்கிறது. பாப்கார்ன் பொரியுங்கள். வெண்ணெய் வேண்டாம், எண்ணெயும் உப்பும் போதும். நான்கு வயதுக்குக் கீழே இருக்கும் வாண்டுகளுக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கும், கொடுக்காதீர்கள். முழுத் திராட்சையும் அப்படித்தான், நீளவாக்கில் நறுக்கித் தாருங்கள்.

சரி, கேக்? மெழுகுவத்தி ஊதாமல் பிறந்தநாளா என்று பிறந்தநாள்காரி கேட்பாள். முட்டை, பால், கோதுமை மூன்றும் இல்லாத கேக்கைத் தேடி அலைந்தால் கிடைக்கும், விலைதான் இடிக்கும். எதிர்வீட்டு முஸ்லிம் அம்மாவிடமே கேளுங்கள், வழி சொல்வார். ரம்ஜான் மாதத்தில் அவர்கள் வீட்டில் அடிக்கடி செய்யும் கடல்பாசி. ராமேஸ்வரம், மண்டபம் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து எடுப்பது இது, ஜெலட்டினைப் போல மாட்டோடும் பன்றியோடும் சம்பந்தமில்லை. சென்னை வெயிலுக்கும் இதுதான் சரி. ஜெலட்டினில் செய்த ஜெல்லி உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும். கடல்பாசியோ அறைச்சூட்டிலேயே உறைந்து, உருக எண்பது டிகிரிக்கு மேல் கேட்கும். கரண்ட் போய் பிரிட்ஜ் நின்றாலும் கவலையில்லை.

ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் என்பது கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடும் பதம். கத்தி வைத்து வெட்டவும் மெழுகுவத்தி குத்தவும் பதினைந்து கிராம் போடுங்கள். தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நார்கூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிட்டு, அதன் பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். ஒரு அடுக்கு தேங்காய்ப்பால். கொதிக்கும்போது ஊற்றாமல், இறக்கி வைத்துவிட்டு வெதுவெதுப்பான பாலைக் கலந்தால் திரியாது. அடுத்த அடுக்கு சங்குப்பூ ஊறிய தண்ணீர், நல்ல நீலம். அதே நீலத்தில் பாதியை எடுத்து நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கண்ணெதிரே ஊதாவாகிவிடும். இதைப் பிள்ளைகள் பார்க்கச் செய்யுங்கள், மேஜிக் ஷோ செலவு மிச்சம். ஒரு அடுக்கு உறைந்து, தொட்டால் விரலில் இன்னும் லேசாக ஒட்டும் நேரத்தில் அடுத்ததை ஊற்ற வேண்டும். முழுதாக இறுகவிட்டால் அடுக்குகள் வெட்டும்போது பிரிந்துவிடும். ஜைன வீட்டில் மட்டும் இதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாசி வகையையே தொடாத கடும் அனுஷ்டானக்காரர்கள் உண்டு. அப்படி இருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பழத்தட்டு. எல்லாரும் எடுக்கும் பழத்தட்டாகவே அது இருந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை.

பாக்கெட்டில் எதையாவது வாங்குவதானால் பச்சைப் புள்ளியை எவ்வளவு தூரம் நம்பலாம்? முட்டையோ ஜெலட்டினோ சேர்ந்தால் பழுப்பு முக்கோணம்தான் போட வேண்டும் என்பது விதி. ஆகவே பச்சை இருந்தால் அவை இரண்டும் இல்லை. பால், கோதுமை, நிலக்கடலை பற்றிப் பச்சைப் புள்ளி ஒன்றும் சொல்லாது. அதற்குப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதிப்படி அலர்ஜிப் பொருள்களை அங்கே தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள்.

நேரம் ஒரு தனித் தலைவலி. சூரியன் மறைந்தபின் சாப்பிடாத ஜைனக் குழந்தைகளுக்காக நாலரைக்கே தட்டு வைத்துவிடலாம். ஆனால் பிறந்தநாள் ரம்ஜான் மாதத்தில் விழுந்து, நோன்பு பிடிக்கும் வயதுப் பிள்ளையும் வந்தால்? சூரியன் மறையும்வரை இவன் சாப்பிட முடியாது, மறைந்தபின் அவன் சாப்பிட முடியாது. மார்ச் மாதம் என்றால் சென்னையில் சூரியன் மறைவது ஆறேகால் வாக்கில். முதல் பந்தி ஐந்தரைக்கு, கேக் வெட்டுவது ஆறு மணிக்கு, நோன்புக்காரர்களின் பங்கு மூடிவைத்த தட்டில். கொழுக்கட்டையும் கடல்பாசியும் ஆறினாலும் கெடாதவை என்பது இங்கே உதவும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தை இருந்தாலும் பந்தி நேரத்தை முன்கூட்டியே அதன் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். இனிப்பைத் தடுப்பது நம் வேலையில்லை, அளவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத்தான் சொல்லியிருப்பேன், கடலை அலர்ஜி மட்டும் குறுக்கே வராவிட்டால். பொரி உருண்டை இருக்கிறது. பொரியும் வெல்லமும் தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும்தான் உள்ளே.

பிரியாணி இல்லாமல் விசேஷமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். போடுங்கள், ஹலால் கடையில் வாங்கி, இரவு எட்டு மணிக்கு, உறவுக்காரர்களுக்கு. குழந்தைகளின் பந்தியில் அதைக் கலக்க வேண்டாம். கொண்டுவிட வரும் அம்மா அப்பாக்கள் நின்று பேசிக்கொண்டே இரண்டு வாய் எடுப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துச் சுண்டலுக்கு அரை கிலோ கூடுதலாக ஊறப்போடுங்கள்.