வேரிலே விழும் முடிச்சு

பருத்திக்குப் பகை எது என்று கேட்டால், காய்ப்புழு என்று எவரும் சட்டெனச் சொல்லிவிடுவர். மண்ணுக்குள் மறைந்திருந்து வேரைக் கெடுக்கும் நூற்புழுவை நாம் நினைப்பதே இல்லை.

இளம் நூற்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. வேர் நுனி வழியே நுழைந்து ஓரிடத்தில் தங்கி உறிஞ்சும். அவ்விடம் பருத்து முடிச்சாகிறது. பெண் புழு பேரிக்காய்போல் உப்பிச் சில நூறு முட்டைகள் இடும். வெப்பமான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்திற்கு ஒரு தலைமுறை! நம் நாட்டில் இதை முதலில் கண்டறிந்தது 1901-இல். நீலகிரியில் தேவாலாவின் தேயிலைச் செடியில் பார்பர் என்பவர் கண்டார்.

முடிச்சு விழுந்த வேர் நீரையும் உரத்தையும் சரிவர மேலே அனுப்பாது. மண்ணில் ஈரம் இருந்தும் உச்சி வெயிலில் செடி வாடும், இலை வெளிறும், காய் குறையும். உழவரோ உரம் போதவில்லை என்றெண்ணிக் கடன்பட்டு இன்னொரு மூட்டை யூரியா வாங்குகிறார். விளைச்சலும் போய், கையிலிருந்த காசும் போகிறது.

எங்கள் கீழ்புத்துப்பட்டைப் போன்ற கடலோர ஊர்களின் மணற்பாங்கான நிலம் இப்புழுவுக்கு மிகவும் உகந்தது. இங்கே மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினாலும் வேரில் முண்டுகள் தெரியும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவின் வீடுகள். வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருப்பதால் அது உதிராது. பருத்திக்கு அந்த நல்ல முண்டுகள் கிடையாது. ஆகவே பருத்தி வேரில் முடிச்சு கண்டால் ஐயப்படவே வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பருத்தியைத் தாக்கும் முக்கியமான வேர்முடிச்சு நூற்புழு மல்லாட்டையில் பெருகுவதில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயிரிட்டால் புழு பட்டினி கிடக்கும். (மல்லாட்டையைத் தாக்கும் வேறு இனங்களும் உண்டு, எந்த இனம் என்று அறிவது நல்லது.) பருத்திக்குப் பின் கத்தரி, தக்காளி, வெண்டை வைப்பது புழுவுக்கு விருந்து. அறுவடை முடிந்ததும் வேரோடு பிடுங்கி அகற்றுதல், கோடை உழவு, வேப்பம் புண்ணாக்கு, செண்டுமல்லி ஆகியவையும் உதவும். முன்பு மண்ணில் செலுத்திய டி.பி.சி.பி. என்னும் நஞ்சு, அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளரையே மலடாக்கியது 1977-இல் கலிபோர்னியாவில் தெரியவந்தது. இந்தியாவிலும் அது தடை செய்யப்பட்டுள்ளது.

முடிச்சே போடாமல் கெடுக்கும் நூற்புழுவும் பருத்தியில் உண்டு. அதை அறிய மண்ணாய்வுதான் வழி. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை இருக்கிறது. வாடிய செடியின் வேரடி மண்ணை, ஒரு சாண் ஆழம்வரை, சிறு வேர்களோடு எடுத்துப் பாலிதீன் பையில் கட்டி நிழலிலேயே வைத்து அனுப்ப வேண்டும். வெயிலில் காய்ந்த மண்ணென்றால் புழு வழியிலேயே செத்துப்போகும். எண்ணிப் பார்க்க எதுவும் இராது.