காசும் கயிறும் குருவியும்

சீனப் புத்தாண்டு நாள்களில் கெப்பாலா பத்தாஸின் தாமான்களில் நடந்துபோனால், பட்டாசு ஓய்ந்த நேரத்தில் வீடுகளுக்குள்ளிருந்து ஒரு சலசலப்பு வரும். கூழாங்கற்களை அண்டாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஓசை. மாஜோங் காய்களை மேசையில் கவிழ்த்துக் கலைக்கிறார்கள். அந்த ஓசையைக் கேட்டே வளர்ந்த நம்மவர் பலர், சீனம் படித்தவர்களுக்குத்தான் இந்த ஆட்டம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்க வேண்டியதில்லை. ரம்மி தெரிந்தவருக்குப் பாதி ஆட்டம் ஏற்கெனவே தெரியும். மீதி, காய்களை அடையாளம் காண்பது.

முழுப் பெட்டியில் 144 காய்கள். அவற்றில் 108, அதாவது முக்கால் பங்கு, பணம்தான். சீனத்துப் பழங்காசுக்கு நடுவில் சதுரத் துளை இருக்கும். நம் தஞ்சை வட்டாரத்துப் புதையல்களிலும் அந்தச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. வட்டம் வட்டமாக வரைந்த காய்கள் அந்தக் காசுகள். துளையில் கயிறு கோத்துக் கட்டிய காசுச்சரம் இரண்டாவது இனம். பார்வைக்குப் பச்சைக் குச்சியாகத் தெரிவதால் மூங்கில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது இனத்தில் கீழே சிவப்பாக நிற்கும் எழுத்துக்குப் பத்தாயிரம் என்று பொருள். மேலே இருப்பது எண். ஒவ்வோர் இனத்திலும் 1 முதல் 9 வரை, ஒவ்வொன்றிலும் நான்கு காய்.

புதியவர் தடுமாறும் இடம் ஒன்றாம் மூங்கில். அதில் குச்சிக்குப் பதில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். இந்த ஆட்டத்துக்கே சீனத்தில் சிட்டுக்குருவி என்றொரு பெயர் உண்டு. காய் கலைக்கும் ஓசை குருவிக்கூட்டம் போலிருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

அடுத்து நான்கு காற்றுகள்: கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. பினாங்கு ஹொக்கியனில் தாங், லாம், சாய், பாக். பிறகு டிராகன்கள் மூன்று. டிராகன் படத்தைத் தேடாதீர்கள். அது மேல்நாட்டார் வைத்த பெயர். சிவப்பு எழுத்து 'நடு'. பச்சை எழுத்து, 'கோங் சீ ஃபா சாய்' வாழ்த்தில் நாமே சொல்லும் அதே ஃபா. மூன்றாவது வெறும் வெள்ளை. மீதி எட்டும் பூக்கள், பருவங்கள். நம் பக்கத்து ஆட்டத்தில் பூனை, எலி, சேவல், பூரான் என்று நான்கு விலங்குகளும் சேர்ந்து 148 ஆகும். பூனையும் எலியும் ஒருவரிடமே சேர்ந்தால் பூனை எலியைப் பிடித்ததாகக் கணக்கு.

ரம்மியைப் போலவே கையில் 13. பதினான்காவதை எடுத்து, வேண்டாததைப் போட வேண்டும். மூன்று மூன்றாக நான்கு கூட்டம், ஒரு ஜோடி சேர்ந்தால் வெற்றி. ஒரே காய் மூன்று சேர்ந்தால் 'போங்', நான்கு சேர்ந்தால் 'கோங்', அடுத்தடுத்த எண்கள் மூன்று சேர்ந்தால் 'சௌ'. யார் போட்ட காயையும் போங் சொல்லி எடுக்கலாம். சௌவுக்கு இடப்பக்கத்தவர் போட்டது மட்டுமே. ஆகவே எதை எடுப்பது என்பதைவிட எதைப் போடுவது என்பதில்தான் மூளைக்கு வேலை.

2018இல் வந்த 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' படத்தின் மாஜோங் காட்சியை ஜார்ஜ்டவுனில், சியோங் ஃபாட் ட்சேயின் நீல மாளிகையில்தான் எடுத்தார்கள். வெற்றி தரும் எட்டாம் மூங்கில் கைக்கு வந்தும், கதாநாயகி அதை எதிரில் இருக்கும் காதலனின் தாய்க்கு விட்டுக்கொடுப்பாள். காய்களைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். பேச்சைவிட அந்த ஒரு காய் அதிகம் சொல்லும்.

மலேசியாவில் மூவர் ஆடும் வகையும் உண்டு. அதில் மூங்கிலும் பத்தாயிரமும் கிடையாது, வட்டங்கள் மட்டும். மொத்தம் 84 காய். சீன எண் தெரியாதவர் அங்கிருந்து தொடங்குவது நல்லது. வீட்டுக்கு வீடு விதி மாறும். எனவே உட்காருமுன் விலங்குகள் உண்டா, வெல்வதற்குக் குறைந்தது எத்தனை புள்ளி வேண்டும் என்று பக்கத்து வீட்டு அண்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.