கெடு தாண்டிய குழு

இல்லத்தில் ஒரு காரியம் தடைப்பட்டு நின்றால் சுந்தர காண்டம் பாராயணம் செய்வது பக்தர்களின் வழக்கம். அனுமன் கடல் தாண்டும் கட்டத்தில் தொடங்குகிறது அந்தக் காண்டம். ஆனால் அவர் தாண்டுவதற்குச் சற்று முன்பு, அதே கடற்கரையில் ஒரு குழு மனம் உடைந்து, உயிர்விடத் துணிந்து அமர்ந்திருந்தது. வால்மீகி முனிவர் கிஷ்கிந்தா காண்டத்தின் இறுதிப் பகுதியில் விரித்துரைக்கும் அந்நிகழ்ச்சி, அலுவலகத்திலோ தொழிற்கூடத்திலோ பலரோடு சேர்ந்து பணிபுரியும் எவரும் அறிந்துகொள்ள வேண்டியது.

நான்கு திசை, ஒரே கெடு

சீதாபிராட்டியைத் தேடுவதற்குச் சுக்ரீவன் நான்கு குழுக்களை அனுப்பினான். கிழக்கே வினதன், மேற்கே சுஷேணன், வடக்கே சதபலி, தெற்கே வாலியின் மைந்தன் அங்கதன் எனத் தலைவர்கள் அமைந்தனர். ஒரு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும். காலம் கடந்து வருபவருக்கு மரண தண்டனை என்பது அரசனின் ஆணை.

தென்திசைக் குழுவின் அமைப்பு கவனிக்கத்தக்கது. தலைமை இளைஞனான அங்கதனுக்கு. அறிவுரை கூற வயதில் மூத்த ஜாம்பவான் உடன் இருந்தார். காரியத்தை முடிக்கவல்லவர் என்று சுக்ரீவன் பெரிதும் நம்பியது அனுமனை. ராமபிரானும் தம் பெயர் பொறித்த கணையாழியை அவரிடமே அளித்தார். தலைமை ஒருவரிடம், கணையாழி மற்றொருவரிடம். ஆயினும் இதனால் அவர்களுக்குள் பொறாமை எழவில்லை. பதவி வேறு, பொறுப்பு வேறு என்ற தெளிவு அந்தக் குழுவில் இருந்தது.

அச்சம் செய்த வேலை

மற்ற மூன்று குழுக்களும் குறித்த காலத்துக்குள் திரும்பின. மூன்றும் வெறுங்கையோடு திரும்பின. தெற்கே சென்றவர்களோ விந்திய மலைக் காடுகளில் பசியாலும் தாகத்தாலும் வாடினர். ஒரு குகையிலிருந்து நீர்ப்பறவைகள் நனைந்த சிறகுகளோடு வெளிவருவதைக் கண்டு, உள்ளே நீர் இருக்க வேண்டும் என உணர்ந்து, ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி அந்த இருளுக்குள் புகுந்தனர். அங்கே தவமியற்றிய சுயம்பிரபை உணவளித்துக் காத்தாள். ஆனால் வெளியே வந்தபோது கெடு முடிந்துபோயிருந்தது.

அங்கதன் நிலைகுலைந்தான். தன் தந்தையோடு பகை கொண்டிருந்த சிற்றப்பன், இப்போது கிடைத்த குற்றத்தைப் பயன்படுத்தாமல் விடுவானா என்று அஞ்சினான். திரும்பிச் சென்று சாவதைவிட இங்கேயே உண்ணாதிருந்து உயிர்விடலாம் என்றான். தாரன் என்ற வானரன், குகைக்குள்ளேயே ஒளிந்து வாழலாம் என்றான். குழு சிதறும் நிலை.

அனுமன் வாளாவிருக்கவில்லை. மனைவி மக்களைப் பிரிந்து வந்தவர்கள் நெடுநாள் ஒளிந்திருக்க மாட்டார்கள் என்பதையும், சுக்ரீவன் அங்கதனைக் கைவிட மாட்டான் என்பதையும் எடுத்துரைத்தார். அவ்வளவு நயமான சொல்லும் அங்கதனின் அச்சத்தைப் போக்கவில்லை. அவன் தரையில் அமர்ந்தான். மற்றவர்களும் கண்ணீரோடு அவனைச் சூழ்ந்து அமர்ந்தனர். அப்போது அவர்கள் ஜடாயுவின் தியாகத்தைச் சொல்லிப் புலம்பியது, அருகிலிருந்த சம்பாதியின் செவியில் விழுந்தது. ஜடாயுவின் தமையனான அவரே, சீதை இருக்குமிடம் இலங்கை என்று உரைத்தார்.

தன் அளவைத் தானே சொல்லுதல்

இனி 100 யோசனை அகலமுள்ள கடல். எவ்வளவு தூரம் தாண்ட இயலும் என்று அங்கதன் ஒவ்வொருவரையும் கேட்டான். 10 யோசனை என்றான் ஒருவன். 20 என்றான் மற்றொருவன். இப்படியே 30, 40 என ஏறிச் சென்றது கணக்கு. இளமையில் இருந்த வலிமை இப்போது இல்லை, 90 யோசனை தாண்டலாம் என்றார் ஜாம்பவான். எவரும் மிகைப்படுத்தவில்லை, குறைவாகச் சொன்னவரை எவரும் எள்ளவும் இல்லை. இயலாததை இயலும் என்று ஏற்றுக்கொண்டு, இறுதி நாளில் கைவிரிக்கும் துன்பம் எத்தனையோ பணியிடங்களில் நிகழ்கிறது. உண்மை அளவைக் கூசாமல் சொல்லும் சூழல் அந்தக் கரையில் இருந்தது.

100 யோசனையும் தாண்டுவேன், திரும்பி வருவதில்தான் ஐயம் என்றான் அங்கதன். ஜாம்பவான் தடுத்தார். தலைவன் பணிக்கு வேர் போன்றவன்; வேரைக் காத்தால்தான் கனி கிட்டும் என்பது அவர் வாதம். எல்லாச் சுமையையும் தானே தூக்கிக்கொள்ளும் தலைவனுக்கு இது தக்க அறிவுரை.

பிறகு அந்த முதியவரின் பார்வை, ஒதுங்கி மௌனமாக அமர்ந்திருந்த அனுமன் மீது விழுந்தது. எத்தனை யோசனை என்ற கணக்கில் அதுவரை அனுமன் வாய் திறக்கவே இல்லை. ஜாம்பவான் அவருடைய பிறப்பையும் பேராற்றலையும் எடுத்துச் சொன்னார். அனுமன் விசுவரூபம் கொண்டார். கூட்டத்தில் உரக்கப் பேசாதவரிடமும் பெருந்திறன் உறங்கக்கூடும். அதைக் கண்டறிந்து சொல்வது மூத்தவர் கடமை.

மதுவனம் சொன்ன உண்மை

சீதையைக் கண்டு மீண்ட அனுமன், நடந்த யாவற்றையும் முதலில் தம் குழுவினருக்கே உரைத்தார். நாமே சென்று இராவணனை வென்று அன்னையை மீட்டு வரலாம் என்றான் அங்கதன். நமக்கிட்ட ஆணை தேடுவது மட்டுமே என்று நினைவூட்டி, அவனை அடக்கினார் ஜாம்பவான்.

வரும் வழியில், சுக்ரீவன் பெரிதும் போற்றிய மதுவனத்தில் புகுந்து தேனைப் பருகிக் களித்தனர். காவலனான ததிமுகன் ஓடிவந்து முறையிட்டான். சுக்ரீவன் சினக்கவில்லை. காரியம் கைகூடாமல் இருந்தால் அங்கதன் தன் முன் வரவே துணியான். ஆகவே வெற்றியோடுதான் வருகிறார்கள் என்று உய்த்துணர்ந்து, குற்றத்தைப் பொறுத்தான்.

அவனது ஊகம் சரியானது. ஆனால் அதனுள் ஒரு வேதனையும் உண்டு. தோற்றவர்கள் தன்னிடம் திரும்பி வரமாட்டார்கள் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. வெற்றியோடு மட்டுமே அணுகக்கூடிய தலைவனிடம் பாதிச் செய்திதான் வந்து சேரும். சம்பாதியின் செவியில் அந்தப் புலம்பல் விழாதிருந்தால், கெடுவுக்கு அஞ்சியே அந்தக் குழு கரையில் மடிந்திருக்கும். சீதை இருக்குமிடமும் தெரியாமலே போயிருக்கும். காலத்தில் வந்த மூன்று குழுக்கள் கொண்டுவராததைக் கெடு தாண்டிய குழுவே கொண்டுவந்தது.

கெடு வேண்டாம் என்பதன்று இதன் பொருள். கெடு தவறியவரும் அஞ்சாமல் வந்து, நடந்ததைச் சொல்ல ஒரு வாயில் திறந்திருக்க வேண்டும். மேலாளரின் அறைக்கும் இது பொருந்தும். மதிப்பெண் குறைந்த பிள்ளை நுழையத் தயங்கும் இல்லத்துக்கும் பொருந்தும்.

அடுத்த முறை சுந்தர காண்டம் பாராயணம் செய்யத் தொடங்குமுன், கிஷ்கிந்தா காண்டத்தின் இறுதிச் சருக்கங்களையும் இல்லத்தார் ஒன்றாக அமர்ந்து படிக்கலாம். அனுமனின் பாய்ச்சலுக்குப் பின்னே நின்ற குழுவை அங்கே காணலாம்.