சுவர் ஏறும் உப்பு

திமிரி பக்கத்துப் பழைய வீடுகளில் கார்த்திகை மாதம் சுவரைத் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். 'ஓதம் ஏறியிருக்கு' என்பார்கள். சித்திரையில் பூச்சைக் கொத்திப் போட்டு, சிமெண்ட் பூசி, மேலே பெயிண்டும் அடிப்பார்கள். ஒன்றிரண்டு மழை தாங்கும். அப்புறம் பழைய கோட்டுக்கு ஒரு முழம் மேலே பூச்சு உப்பிக்கொண்டு வரும்.

உவர் நிலத்தில் பாடுபட்டவர்களுக்கு இது புதுசில்லை. அடி ஈரம் மண்ணின் நுண்துளை வழியே ஏறும், தண்ணி ஆவியாகும், உப்பு தங்கிவிடும். செங்கல் சுவரிலும் அதேதான். கடக்காலுக்கு மேல் ஓதம் தடுக்கும் பட்டை போடாத வீடுகளில் கேட்கவே வேண்டாம். சிமெண்ட் பூச்சு அந்த ஈரம் வெளியேறும் வழியை அடைக்கிறது. அடைபட்டது இன்னும் உயரத்தில் வழி தேடுகிறது.

அதோடு, உப்பே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு கசிய ஆரம்பிக்கும். ஜாடியில் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் கீழே தண்ணியை நிறுத்தினாலும் உப்பேறிய சுவர் மழைநாளில் வியர்க்கிறது.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்றால் தோல் தொழில் ஞாபகம் வரும். பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பு, ஊறவைத்த கழிவுநீரோடு பாலாற்றுப் படுகையில் இறங்கிய கதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அதற்காக திமிரிக் கிணறு எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது. நம்ம கொட்டகைக்கும் பங்கு உண்டு. கோமியம் மண்ணில் மட்கும்போது நைட்ரேட் உப்பு உண்டாகும். அந்தக் காலத்தில் கொட்டகை மண்ணைக் காய்ச்சித்தான் வெடியுப்பு எடுத்தார்கள். ஜீவாமிர்தத் தொட்டி, பஞ்சகவ்யா பீப்பாய், எருக்குழி எல்லாம் எங்கே இருக்கிறது? நிறைய வீடுகளில் சுவரை ஒட்டித்தான்.

முதலில் அவற்றை நகர்த்துங்கள். கொட்டகைத் தரையும் வாசலும் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியட்டும். தை பிறந்ததும் சிமெண்ட் பூச்சைக் கோட்டுக்கு ஒரு முழம் மேல்வரை கொத்தி, வைகாசி வரை சுவரைத் திறந்தே விடுங்கள். பூக்கும் உப்பைத் துடைப்பத்தால் தட்டி அள்ளணும். கழுவினால் திரும்ப உள்ளே போகும். சலித்த களிமண்ணோடு மணல் குழைத்து அப்பினால், காயும்போது உப்பை இழுத்துக்கொள்ளும். உரித்துவிட்டு இன்னொரு தடவை அப்பலாம். உரித்த மண் வயலுக்கு ஆகாது.

பிறகு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்றுமணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணி சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை போதும், பெயிண்ட் வேண்டாம். கலக்கும் தண்ணியைச் சோதித்துக்கொள்ளுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலையே லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது. பூச்சுக்குச் சேமித்த மழைத்தண்ணி கிடைத்தால் ரொம்ப நல்லது.

இத்தனைக்கும் ஒரு முழுக் கோடை ஆகும். அதுவரை விதைநெல் மூட்டை அந்தச் சுவரில் சாயக்கூடாது. பலகை போட்டு, ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். ஈரம் குடித்த விதையின் முளைப்பு ஆடியில்தான் தெரியும், அப்போது மாற்று விதைக்கு எங்கே போவது?