வீட்டில் ஏறும் மருந்துக்கு யார் பொறுப்பு?

எலும்பில் புரையோடிய தொற்றுக்கோ இதய வால்வைப் பற்றிய கிருமிகளுக்கோ நான்கு முதல் ஆறு வாரம்வரை ரத்தக் குழாய் வழியாகவே மருந்து செலுத்த நேரும்போது, தினம் சிறிது நேரமே ஏறும் டிரிப்ஸுக்காக நாள் முழுதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, வாடகையும் கொடுத்து, அங்குள்ள பிற கிருமிகளுக்கும் தேகத்தை ஒப்புக்கொடுப்பானேன் என்ற நியாயமான கேள்விக்கு விடையாகப் பிறந்ததே, வீட்டிலேயே மருந்து ஏற்றும் முறை. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் பரம்பரை வியாதி கண்டவர்களுக்கு இவ்விதம் சிகிச்சையளித்த அனுபவம் அமெரிக்காவில் 1974-லேயே பிரசுரமாயிற்று. இன்று நம் நகரங்களிலும் இது பழகிவருகிறது.

சௌகரியம் பெரிது, ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரே கூரையின்கீழ் நடந்த காரியங்கள் வீட்டுக்கு வந்ததும் வைத்தியர், மருந்துக்கடை, நர்ஸை அனுப்பும் நிறுவனம், ரத்தப் பரிசோதனைக்கூடம் என நான்கு இடங்களுக்குச் சிதறிவிடுவதால், ஒவ்வொருவரும் அடுத்தவர் கவனித்துக்கொள்வார் என்று எண்ணி இருந்துவிடுவதே இம்முறையின் பிரதான அபாயம்.

ஆகவே நோயாளி கேட்கவேண்டிய முதற் கேள்வி, ‘மாத்திரை போதாதா?’ என்பதே. எலும்பு, மூட்டுத் தொற்றுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஓவிவா ஆராய்ச்சி, தக்க மாத்திரை கிடைக்குமிடத்தில் அது ஊசி மருந்துக்குக் குறைந்ததன்று என்று காட்டியது. ஊசியே அவசியமென்றால், முதல் டோஸை ஆஸ்பத்திரியிலேயே ஏற்றி ஒவ்வாமை உண்டா என்று பார்த்தல் வேண்டும். மருந்தின் பெயர், அளவு, ஏறவேண்டிய வேகம், முடியும் தேதி, மருந்து ஏற்றக் கையில் பொருத்திய குழாயை எடுக்கும் நாள், இரவில் அழைக்கவேண்டிய எண் ஆகியவை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வரும் நர்ஸ், தமிழ்நாடு நர்ஸ்கள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

வான்கோமைசின் என்னும் மருந்தைக் குறித்த வேகத்துக்கு மிகாமல் மெதுவாக ஏற்றாவிட்டால் உடல் சிவந்து அரிப்பெடுக்கும், ரத்த அழுத்தமும் விழக்கூடும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கவும் வல்லது. இதற்காகவே வாரந்தோறும் ரத்தம் எடுக்கிறார்கள். ஆயினும் முடிவு வைத்தியர் கண்ணில் படாமல் கைப்பேசியிலேயே தங்கிவிட்டால் அந்தப் பரிசோதனையால் பயனேது? குழாய் உள்ள இடம் சிவந்தாலோ கை வீங்கினாலோ அன்றே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். மருந்து ஏறும்போது குளிர்நடுக்கமோ மூச்சுத்திணறலோ கண்டால் டிரிப்ஸை உடனே நிறுத்தி 108-ஐ அழைக்க வேண்டும்.

காப்பீட்டை நம்புவோர் ஒன்றை அறிதல் நலம். வீட்டுச் சிகிச்சைக்கான வழக்கமான ஷரத்து, நோயாளியை ஆஸ்பத்திரிக்கு நகர்த்த இயலாதபோதோ அங்கே இடம் இல்லாதபோதோ மட்டும் பணம் தருவதாக இருக்கும். சௌகரியத்தை நாடி வீடு திரும்பியவருக்கு அது பொருந்தாமற் போகலாம். ஆகையால் முன்கூட்டியே எழுத்துமூலம் சம்மதம் பெறுவது உத்தமம்.

தவறு நேர்ந்தால் பரிகாரம் உண்டு. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தந்தாக வேண்டும். கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

இவையெல்லாம் தீங்கு நேர்ந்தபின் நாடும் வழிகள். தீங்கைத் தடுக்க வல்லது, வீட்டுக்குப் புறப்படுமுன் நீங்கள் கேட்டு வாங்கும் ஒரு வரியே: இந்தச் சிகிச்சை முடியும்வரை பொறுப்பேற்கும் வைத்தியரின் பெயரும் தொலைபேசி எண்ணும். அது எழுத்தில் கிடைக்கும்வரை வீட்டுக்குப் புறப்படச் சம்மதியாதீர்கள்.