டெல்ஃப் பி2 எழுத்துத் தேர்வு: கருத்து மட்டும் போதாது

பிரெஞ்சுக் குடியுரிமை கோருவோருக்கு 2026 ஜனவரி 1 முதல் பி2 நிலை பிரெஞ்சு அவசியம். டெல்ஃப் பி2 தேர்வுக்குத் தயாராகும் நம் சகோதர சகோதரிகள் அஞ்சுவது எழுத்துப் பகுதியைத்தான்: ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொற்கள், 25 மதிப்பெண்கள்.

நகர மையத்தில் கார்களைத் தடைசெய்யும் திட்டத்தை எதிர்த்து மேயருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது வாதமாகாது. கடைக்காரரின் வியாபாரம் என்னவாகும், நடக்க இயலாத முதியவர் மருத்துவரிடம் எப்படிப் போவார் என்று காரணத்தோடு உதாரணமும் வேண்டும். எதிர்த்தரப்பையும் மறக்காதீர்கள். 'செர்த்' (உண்மைதான்), காற்று சுத்தமாகும். 'மே' (ஆனால்) மாற்றுப் பேருந்து எங்கே? இந்தத் திருப்பம்தான் பலர் விட்டுவிடுவது. மனப்பாடக் கட்டுரை இங்கே கைகொடுக்காது. மேயரை 'வூ' என்றே மரியாதையாக அழையுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தைப் பிழைதிருத்த ஒதுக்குங்கள்.