'பணம் வந்தது' என்று யார் சொல்வது?

சிறு வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். பெர்லினில் பியானோ சொல்லித்தரும் ஓர் ஆசிரியை, தான் எழுதிய இசைக்குறிப்புகளை பி.டி.எஃப். கோப்புகளாக விற்கிறார். ஒன்றின் விலை 5 யூரோ. அந்தத் தளத்தைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து நான்தான் கவனித்துக்கொள்கிறேன். கார்டு இல்லாத மாணவர்கள் சிலர் பிட்காயினில் தரலாமா என்று கேட்கிறார்கள், வழி உண்டா என்றார். உண்டு. பொத்தானும் கியூ.ஆர். கோடும் வைப்பது ஒரு மாலைப்பொழுது வேலை. பணம் வந்துவிட்டது என்று முடிவுசெய்து கோப்பைத் திறந்துவிடுகிறோமே, வேலையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

யு.பி.ஐ.யோ கார்டோ, நடுவில் ஒரு நிறுவனம் நிற்கிறது. 'பணம் சேர்ந்தது' என்று அது சொல்ல, நம் தளம் நம்புகிறது. தகராறு வந்தாலும் அதனிடம்தான் போகிறோம். பிட்காயினில் அந்த நடு ஆள் கிடையாது. 2009 ஜனவரியில் தொடங்கிய அதன் பொதுக் கணக்கேட்டின் பிரதிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் நம்மைத் தேடி வந்து யாரும் சொல்லமாட்டார்கள். நம் சர்வரே ஏட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ஏட்டில் வாங்குபவரின் பெயர் இராது, ஆர்டர் எண்ணும் இராது. இரண்டு மாணவர்கள் ஒரே முகவரிக்கு ஒரே தொகையை அனுப்பினால் யார் எதை அனுப்பினார் என்று பிரித்தறிய முடியாது. அதனால் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு புது முகவரி தருகிறோம். இதற்காக ஆசிரியையின் வாலட்டிலிருந்து எக்ஸ்பப் எனப்படும் நீளமான எழுத்துவரிசையை எடுத்து சர்வரில் வைத்தேன். அதைக்கொண்டு எத்தனை முகவரிகளை வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த முகவரிகளில் விழுந்த பணத்தில் ஒரு காசைக்கூட அதை வைத்து எடுக்க முடியாது. கோயில் உண்டியல் போலத்தான்: போட எல்லோருக்கும் வழி உண்டு, திறக்கும் சாவி ஒருவரிடம். அந்தச் சாவியைத் திரும்பப் பெற உதவும் சொற்களைத் தாளில் எழுதி ஆசிரியை தன் வீட்டில் வைத்திருக்கிறார். சர்வருக்குள் திருடன் நுழைந்தால், இனி வரும் பணத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்ப்பான். ஆகவே காவல் தேவைதான். ஆனால் இதுவரை சேர்ந்த பணத்தைத் தொட அவனால் முடியாது. சாவியையே சர்வரில் வைத்துவிடச் சொல்லும் பாடங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பணம் அடுத்தவருடைய உழைப்புக்கான கூலி.

விலை யூரோவில் இருக்கிறது, பிட்காயினின் மதிப்போ நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. பொத்தானை அழுத்திய நேரத்து மதிப்பில் தொகையைக் கணக்கிட்டு, 15 நிமிடம் வரை அது செல்லும் என்று காட்டுகிறோம். ஒரு பிட்காயினைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வருவது ஒரு சதோஷி. தரவுத்தளத்தில் தொகையைச் சதோஷியில், முழு எண்ணாகவே எழுத வேண்டும். பின்னமாக வைத்தால் பல கணினி மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டும்போது 0.30000000000000004 என்று வரும். வரவேண்டியதும் வந்ததும் சமமா என்று பார்க்கிற இடத்தில் இந்தப் பிசிறு போதும், பணம் கட்டியவரின் ஆர்டர் நின்றுபோக.

மாணவர் பணம் அனுப்பிய சில நொடிகளில் அது நம் சர்வருக்குத் தெரிந்துவிடும். தெரிவது வேறு, ஏட்டில் ஏறுவது வேறு. அதுவரை அது காத்திருப்பு வரிசையில் நிற்கிறது. அப்போது அனுப்பியவரே கூடுதல் கட்டணம் கொடுத்து அந்தப் பணத்தைத் தன் முகவரிக்குத் திருப்பிக்கொள்ள முடியும். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது ஏட்டின் ஒரு புதுப் பக்கம், உருவாகிறது. பரிமாற்றம் அதில் இடம்பிடித்தால் ஒரு கன்ஃபர்மேஷன். பெரிய தொகைக்கு ஆறு வரை காத்திருப்பது வழக்கம், ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். 5 யூரோ கோப்புக்கு ஒன்று போதும் என்று வைத்தோம். அந்தப் பத்து நிமிடமும் மாணவர் என்ன பார்க்கிறார் என்பதை யாரும் நினைப்பதில்லை. பணம் கையை விட்டுப் போயிற்று, பொருள் வரவில்லை, கேட்க ஆளில்லை. அதனால் திரையில் 'உங்கள் பணம் தெரிகிறது, ஏட்டில் ஏறக் காத்திருக்கிறோம், பக்கத்தை மூடினாலும் கோப்பு மின்னஞ்சலில் வரும்' என்று எழுதியிருக்கிறேன்.

ஏட்டைப் பார்க்கும் வேலையை பிடிசிபே சர்வர் செய்கிறது. நிக்கோலா டோரியர் 2017-ல் தொடங்கிய திறந்தமூல மென்பொருள் இது. கமிஷன் இல்லை, பணம் நேராக விற்பவரின் வாலட்டுக்குப் போகிறது. பணம் உறுதியானதும் நம் தளத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். அதில் இருக்கும் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே கோப்பைத் திறக்க வேண்டும்; இல்லையென்றால் யாரும் போலிச் செய்தி அனுப்பி இலவசமாக அள்ளிக்கொள்ளலாம். ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம். இரண்டாவது முறை எதுவும் நடக்கக்கூடாது.

சிறிய தொகைக்கு அனுப்பும் கட்டணமே பெரிய தொல்லை. கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் 2016-ல் பிட்காயினை ஏற்று, 2017 டிசம்பரில் நிறுத்தியது. பரிமாற்றக் கட்டணம் ஒரு கட்டத்தில் 20 டாலர் அளவுக்குப் போயிருந்தது. மதிப்பு மாறி தொகை குறைந்துபோனால் மீதியை அனுப்ப மறுபடியும் கட்டணம். பிட்காயினுக்கு மேல் இயங்கும் லைட்னிங் என்ற அடுக்கில் சில நொடியில், சொற்பக் கட்டணத்தில் பணம் சேர்கிறது. அதையும் சேர்த்தோம். ஆனால் லைட்னிங்கில் பணம் வாங்க, சாவி எப்போதும் இணையத்தில் இருக்கும் சர்வரில் இருந்தாக வேண்டும். ஆகவே அங்கே பணம் குவிய விடாமல் அவ்வப்போது வாலட்டுக்கு மாற்றிவிடுகிறோம்.

மதிப்பு ஆடாமல் இருக்க யு.எஸ்.டி.சி. போன்ற டாலர் நாணயங்களை வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் 2023 மார்ச்சில், அதன் கையிருப்பில் ஒரு பகுதி இருந்த சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, யு.எஸ்.டி.சி.யும் சில நாட்கள் ஒரு டாலருக்குக் கீழே போனது.

பணத்தைத் திருப்பித் தருவதில் எனக்கு அக்கறை அதிகம். குறைவாக வந்தது, நேரம் கடந்து வந்தது, இருமுறை வந்தது, எல்லாமே நடக்கும். வந்த முகவரிக்கே திருப்பி அனுப்பக்கூடாது. அது மாணவருடையதாக இல்லாமல், அவர் பயன்படுத்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் பொது முகவரியாக இருக்கலாம். புது முகவரி கேட்டு வாங்கித்தான் அனுப்ப வேண்டும். இதற்கான பக்கத்தைப் பொத்தானுக்கு முன்பே எழுதி முடித்தேன்.

இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ கைமாறும்போது வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல், வரம்புக்கு மேற்பட்ட பரிமாற்றங்களுக்கு 1 சதவீத டி.டி.எஸ். பிடித்தமும் உண்டு. ஆடிட்டரிடம் பேசிவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். பேசி முடித்து வருகிறவர்களுக்கு, ஒவ்வோர் ஆர்டரோடும் அந்த நிமிடத்தின் ரூபாய் மதிப்பைப் பதியும் ஒரு கட்டத்தைத் தரவுத்தளத்தில் முதல் நாளே சேர்த்துவிடுகிறேன். மார்ச் மாதத்தில் உட்கார்ந்து அதைத் திரட்டுவது பெரும்பாடு.